எஃகின் பதம், மருந்தின் அளவு

துப்பாக்கி என்ற வார்த்தையைக் கண்டதும், "இது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று தொடர்கதைப் பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். இந்த வாரம் துப்பாக்கியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், அது வாஸ்தவம். ஆனால் இதில் வருகிற காரியங்களைப் பாருங்கள்: குன்றிமணிக் கணக்கில் நிறுப்பது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பது, பதம் பார்ப்பது, நோட்டில் குறித்து வைப்பது, பாட்டி காலத்துப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றலாமா என்று யோசிப்பது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத வித்தையா, என்ன?

அமெரிக்காவில் ஏராளமான வீடுகளில், தாத்தா விட்டுப்போன ஒரு வேட்டைத் துப்பாக்கி அலமாரியில் நிற்கும். அது பிறக்கும்போதே வேட்டைத் துப்பாக்கியாகப் பிறந்ததல்ல; பட்டாளத்துக்காகச் செய்தது. 1903-ல் அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்ட ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள் இந்த வகையில் பிரசித்தம். மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையிலும், இல்லினாய் மாகாணத்து ராக் ஐலண்டு ஆயுதசாலையிலும் லட்சக்கணக்கில் உருவாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அதன் பிந்திய மாதிரி ஒன்றை ஸ்மித்-கொரோனா என்ற டைப்ரைட்டர் கம்பெனிகூடச் செய்து கொடுத்தது. கடிதம் அடிக்கிற யந்திரம் செய்த கைகள் துப்பாக்கியும் செய்தன!

போர்கள் முடிந்ததும் சர்க்கார் இவற்றைக் குறைந்த விலைக்கு விற்றது. வாங்கியவர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ரம்பத்தை எடுப்பார். குழலின் நுனிவரை மூடியிருக்கும் மரக்கட்டையைப் பாதியில் அறுப்பார். பாயனெட் மாட்டும் வளையத்தைக் கழற்றி எறிவார். மேலே துளை போட்டுத் தொலைநோக்கி ஒன்றைப் பொருத்துவார். பட்டாளத்துச் சிப்பாய் யூனிபாரத்தைக் கழற்றிவிட்டு வேஷ்டி கட்டிக்கொண்ட மாதிரி, ராணுவத் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கியாகிவிடும். இதை 'ஸ்போர்ட்டரைஸ்' செய்வது என்பார்கள்.

பெரிய மனிதர்களுக்கும் இந்த மோகம் இருந்தது. ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன துப்பாக்கிகளில், வேட்டைக்கென்று மாற்றிய ஸ்பிரிங்ஃபீல்டும் ஒன்று. அவருடைய வேட்டைக் கதையைப் படித்து மயங்கிய நியூயார்க் தச்சர் ஸீமோர் கிரிஃபின் தாமும் ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு வாங்கி, அதற்கு வால்நட் மரத்தில் அழகான கட்டை இழைத்தார். அந்த ஆசை 1923-ல் கிரிஃபின் அண்ட் ஹோ என்ற கம்பெனியாக வளர்ந்தது. நாவலாசிரியர் ஹெமிங்வே 1930-ல் துப்பாக்கி வாங்கியது அங்கேதான். சாதாரண மனிதருக்கோ வீட்டு நிலவறையும் அரமும் உப்புக் காகிதமுமே போதுமாக இருந்தன.

இப்படி ஒரு துப்பாக்கி கையில் இருக்கிறது. சுட்டால் குறி ஓரிடத்தில் விழாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுகிறது. கடையில் வாங்கும் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவானது. ரெடிமேட் ரவிக்கை மாதிரி. நம் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் வருமா? ஆகவே தம் துப்பாக்கிக்கென்று தாமே தோட்டா கட்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். (நம் நாட்டில் 1972-ன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் குற்றம். ஆகவே வீட்டுக்காரர் இதைப் படித்து உற்சாகமடைந்தால் பத்திரிகையைப் பிடுங்கிவிடுங்கள்.)

தோட்டாவில் நான்கே பொருள்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர் என்ற சின்னஞ்சிறு கிண்ணம், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டபின் குண்டும் மருந்தும் போய்விடும். பித்தளைக் கூடு மிச்சம். நான்கில் விலை கூடியதும் அதுதான். அதைத் தேய்த்துத் துடைத்து, வெடித்தபோது சற்று உப்பிய உடம்பை அச்சில் அழுத்திப் பழைய உருவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் வைத்தால் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலை எறிய மனம் வராத நமக்கு இந்தச் சிக்கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொழிலே சிக்கனத்தில் வளர்ந்ததுதான். போர்க்காலத்தில் குண்டு கிடைக்காத தட்டுப்பாட்டில், கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரைச் சேர்ந்த ஃப்ரெட் ஹண்டிங்டன், தகப்பனாரின் சலவைக் கடைப் பின்கட்டில் ஓர் அச்சு செய்தார். சுட்டு எறிந்த சிறு தோட்டாக் கூடுகளையே குண்டுக்கு மேலுறையாக்கும் அச்சு அது. இன்று உலகமெங்கும் விற்கும் ஆர்.ஸி.பி.எஸ். கருவிகளின் பூர்வீகம் அந்தச் சலவைக் கடை. இன்னொருவர் கன்ஸாஸைச் சேர்ந்த ப்ரூஸ் ஹாட்ஜ்டன். போர் முடிந்ததும் சர்க்காரிடம் மலையாய் மிஞ்சிய துப்பாக்கி மருந்தை வாங்க நினைத்தார், பணமில்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியின் மேல் கடன் வாங்கினார்! வாங்கிய மருந்தைப் பழைய ரயில் வாகன் ஒன்றில் அடைத்து வைத்தார். மனைவி ஏமியும் பிள்ளைகள் இருவரும் கைகொடுக்க, வியாபாரம் நிலைத்துவிட்டது. அந்த அம்மாளின் மனம் அப்போது எப்படிப் பதைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பாலிசிப் பணமும் போய், வாசலில் வெடிமருந்தும்!

மருந்தை நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம் தட்டாரின் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின் இருக்கும். தராசு கிரெயினில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும். குன்றிமணியை இருபதாகக் கூறு போட்டதில் ஒரு கூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மின்விசிறி சுழன்றால் முள் ஆடிவிடும். ஆகவே விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, வேர்க்க விறுவிறுக்க நிறுப்பார்கள். ஸ்பிரிங்ஃபீல்டின் தோட்டாவுக்கு முப்பது-நாட்-ஆறு என்று பெயர். குழலின் துவாரம் அங்குலத்தில் நூற்றுக்கு முப்பது. தோட்டா பிறந்தது 1906. அதில் போடுகிற குண்டு 180 கிரெயின் என்றால் ஏறக்குறைய ஒன்றரைப் பவுன் எடை. மூன்று கிராம் சொச்சம் மருந்து அதை வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் தள்ளுகிறது.

அந்த நேரத்தில் உள்ளே அழுத்தம் எவ்வளவு தெரியுமா? நம் சமையலறைக் குக்கரில் வெயிட் ஆடும்போது சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. அதற்கே புது மருமகள் இரண்டடி தள்ளி நிற்கிறாள். இங்கே சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகலாம். நாலாயிரம் குக்கர்! அதைத் தாங்குகிற எஃகின் பின்னால், சில அங்குல தூரத்தில், சுடுகிறவரின் கன்னமும் கண்ணும் இருக்கின்றன.

இதனால்தான் அளவைத் தேடும் வேலை பொறுமைக்காரர்களின் வேலையாக இருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் வெளியிடும் புத்தகத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் தொடங்கும் அளவு, தாண்டக்கூடாத அளவு என இரண்டு போட்டிருக்கும். முதல் அளவு இரண்டாவதைவிடப் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு குறைவு. கீழிருந்துதான் தொடங்க வேண்டும். ஐந்து தோட்டா கட்டு. பிறகு அரை கிரெயின் கூட்டி இன்னொரு ஐந்து. இன்னும் அரை கிரெயின். ஒவ்வொரு ஐந்தும் தனித்தனிப் பெட்டி, தனித்தனிச் சீட்டு.

பிறகு நூறு கஜ தூரத்தில் காகிதக் குறியை நிறுத்தி, மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, ஓர் அளவுக்கு ஒரு காகிதமாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். இடையிடையே குழல் ஆறக் காத்திருக்க வேண்டும். சூடேறிய குழல் வேறு பேச்சுப் பேசும். ஐந்து ஓட்டையும் எந்த அளவில் நெருங்கி விழுகின்றன என்பதே கேள்வி. சுடும்போது குழல் வீணைத் தந்திபோல் அதிர்கிறது. குண்டு வெளியேறும் கணத்தில் அந்த அதிர்வு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துக் குறி விழுகிறது. ஒரே ஆயுதசாலையில் ஒரே நாளில் பிறந்த இரண்டு துப்பாக்கிகள்கூட வெவ்வேறு அளவை விரும்பும். இதில் ஒரு விந்தை: துல்லியமான அளவு அநேகமாக உச்ச அளவாக இருப்பதில்லை, அதற்குச் சற்றுக் கீழேயே எங்கோ இருக்கிறது. வேகத்துக்கு ஆசைப்பட்டு ஏறிக்கொண்டே போகிறவருக்கு, தாண்டி வந்த இடத்தில்தான் புதையல் இருந்தது என்பது தெரிவதே இல்லை.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். மருந்தை மாற்றினால் குண்டை மாற்றாதே. குண்டை மாற்றினால் பிரைமரைத் தொடாதே. சாம்பாரில் புளியையும் உப்பையும் பொடியையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எதனால் ருசி கெட்டது என்று கேட்டால் யார் சொல்ல முடியும்? அதேபோல, மேஜைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். துப்பாக்கி மருந்துகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று மெதுவாக எரியும், மற்றொன்று சட்டென்று எரியும். ரைஃபிளுக்கு வேண்டிய மெதுவான மருந்தின் அளவுக்குப் பிஸ்டல் மருந்தைப் போட்டுவிட்டால் துப்பாக்கி பிழைக்காது. சீட்டு ஒட்டாத டப்பாவில் சோடா உப்பையும் சர்க்கரைப் பொடியையும் வைக்கிற வீடுகள் இதைக் கவனிக்கட்டும்.

அபாயம் நெருங்கினால் அடையாளம் தெரியுமா? தெரியும் என்பார்கள். கூட்டின் அடியில் பிரைமர் தட்டையாக நசுங்கியிருக்கும். கதவுத் தாழ்ப்பாள் போன்ற போல்ட், திறக்க வராமல் அடம்பிடிக்கும். ஆனால் இந்த அடையாளங்கள் தாமதமாக வருகிறவை. பால் பொங்கி அடுப்பை அணைத்த பிறகு வரும் வாசனை மாதிரி. அவை வரும்வரை ஏறிப் பார்ப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல.

பழைய துப்பாக்கிக்கு இன்னும் சில தொந்தரவுகள் உண்டு. 1950-களின் தொடக்கம் வரை ராணுவத் தோட்டாக்களின் பிரைமர் ஒருவித உப்பைக் குழலுக்குள் விட்டுவைத்தது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவைக் கொண்டுவரும். வெந்நீர் விட்டுக் கழுவியிருந்தால் பிழைத்தது. சோம்பல்பட்டிருந்தால் குழலின் உட்புறம் அம்மை வடுதான். மழைக்காலத்தில் மரக்கட்டை உப்பிக் குழலை ஒரு பக்கமாக நெருக்கும். நம் வீட்டு ஜன்னல் கதவு சாத்த வராமல் முரண்டுவதுபோலத்தான். இவற்றைச் சரிசெய்யாமல் மருந்தைக் கூட்டிக் குறைத்து என்ன பயன்?

இவ்வளவு சிரமம் ஏன் என்று கேட்பீர்கள். நூறு கஜத்தில் ஐந்து குண்டும் இரண்டு அங்குல வட்டத்துக்குள் விழுந்தால் வயதான துப்பாக்கிக்கு அது நல்ல பெயர். மானின் இருதயமும் நுரையீரலும் உள்ள இடம் எட்டு அங்குலம் இருக்கும். அதில் படாமல் காலிலோ வயிற்றிலோ பட்டால், அந்த ஜீவன் காட்டுக்குள் ஓடி, நாள் கணக்கில் துடித்துச் சாகும். வேட்டையே பாவம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வேட்டையாடித்தான் தீருவேன் என்கிறவர், காகிதத்தில் நூறு ஓட்டை போட்டுப் பார்த்த பிறகே காட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்பேன்.

முக்கியமான விஷயத்தை இனிமேல்தான் சொல்ல வேண்டும். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் மோசம் போகலாம். ஏனென்றால் சில துப்பாக்கிகளின் குறை மருந்தில் இல்லை, பிறவியில் இருக்கிறது.

ஸ்பிரிங்ஃபீல்டில் தோட்டாவைத் தாங்கும் பாகத்துக்கு ரிஸீவர் என்று பெயர். எஃகைப் பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்குவார்கள். காய்ச்சிய பதத்தை அறிய அன்று கருவி கிடையாது. பழம் தின்று கொட்டை போட்ட தொழிலாளிகள் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சொன்னார்கள். அதிரசப் பாகை விரலால் உருட்டிப் பார்த்துச் சொல்கிற பாட்டி போல. தப்பே வராது என்ற நம்பிக்கை.

1917-ல் இரண்டு துப்பாக்கிகள் வெடித்தன. அந்தத் தோட்டாக்களிலும் குறை இருந்தது என்றாலும், எஃகு இப்படிக் கண்ணாடிபோல் நொறுங்குவானேன் என்று விசாரித்தார்கள். வெப்பம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. மேகம் மூடிய நாளில் சரியாகத் தெரிந்த சிவப்பு, பளீரென்று வெயிலடிக்கும் நாளில் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. பட்டப்பகலில் ஏற்றிய விளக்கு சோகையாகத் தெரியும் அல்லவா, அப்படி. "இன்னும் பதம் வரவில்லை" என்று மேலும் காய்ச்சியிருக்கிறார்கள். வெயில் நாளின் 'சரியான பதம்' மேக நாளின் பதத்தைவிட 300 ஃபாரன்ஹீட் டிகிரி வரை கூடுதல்! எஃகு உள்ளுக்குள் கருகிவிட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொழிலாளிகள் மேல் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கண் பொய் சொல்லவில்லை. வெயில்தான் பொய் சொல்லிற்று.

1918-ல் முறையை மாற்றினார்கள். கருவி வைத்து அளந்து, இரண்டு தடவை பதப்படுத்தினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் 8,00,000-ம் எண்ணிலிருந்தும், ராக் ஐலண்டில் 2,85,507-ம் எண்ணிலிருந்தும் புது முறை. அதற்குக் கீழ்ப்பட்ட எண்கள் பத்து லட்சத்துக்கு மேல். அவற்றில் எது கருகியது, எது நல்லது என்று வெளியிலிருந்து பிரிக்க வழியில்லை. பெரும்பாலானவை ஆயுள் முழுவதும் ஒழுங்காகவே சுட்டன. சில வெடித்தன, கண்ணை இழந்தவர்களும் உண்டு. ஜெனரல் ஜூலியன் ஹாட்சர் 1947-ல் தம் புத்தகத்தில் இந்த விபத்துக்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்.

இதற்குள் அந்தத் துப்பாக்கிகளில் பல, வீடுகளுக்குப் போய், அறுபட்டு, இழைக்கப்பட்டு, வேட்டைத் துப்பாக்கிகளாகிவிட்டன. தாத்தா சுட்டார், அப்பா சுட்டார், இப்போது பேரன் கையில்.

"அப்படியானால் மருந்தைக் குறைத்துப் போட்டு மெதுவாகச் சுட்டால் ஆயிற்று" என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. இதுதான் ஏமாற்றுகிற சமாதானம். பழைய பித்தளைக் கூடு ஒன்று அடியில் கிழிந்தால் போதும். குழலில் அடைப்பு இருந்தால் போதும். பீறிட்டு வரும் வாயுவை நல்ல எஃகு சற்று நெளிந்தாவது தாங்கப் பார்க்கும். கருகிய எஃகு ஊறுகாய் ஜாடிபோல் சிதறும். கீறல் விட்ட ஜாடியில் பாதியளவு ஊறுகாய் போட்டால் கீறல் போய்விடுமா? மறுபடி காய்ச்சிப் பதப்படுத்தினாலும் கருகியது கருகியதுதான். தொலைநோக்கிக்குத் துளை போட வரவில்லை என்று ரிஸீவரை ஜ்வாலையில் காட்டி இளக்கியவர்கள் வேறு உண்டு. அது நல்ல எண் உள்ள துப்பாக்கியைக்கூடச் சந்தேகத்துக்கு உரியதாக்கிவிடும்.

தாத்தா எழுதி வைத்த அளவு நோட்டு கிடைத்தாலும் அப்படியே நம்பக்கூடாது. அவர் வாங்கிய மருந்து வேறு, இன்று டப்பாவில் வருவது வேறு. அவர் நோட்டு எந்தத் துப்பாக்கிக்கு எழுதியது என்பதும் நிச்சயமில்லை. நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அளவை மட்டும் புதிய புத்தகத்தில் பாருங்கள்.

பழைய ராணுவத் துப்பாக்கிகளை இன்று பொதுமக்களுக்கு விற்கும் ஸிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் ப்ரோக்ராம் என்ற அமைப்பு, குறைந்த எண் ஸ்பிரிங்ஃபீல்டுகளைச் சுடவே வேண்டாம் என்கிறது. நானும் அந்தக் கட்சிதான். அழகாக எண்ணெய் தடவிச் சுவரில் மாட்டிவைக்கலாம். தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் பொருத்தமாகவே இருக்கும்.

எண் எங்கே இருக்கும்? ரிஸீவரின் முன் வளையத்துக்கு மேலே, ஆயுதசாலையின் பெயருக்கு அடியில். ஸ்போர்ட்டரைஸ் செய்த துப்பாக்கியில் சரியாக அதன் தலைமேலேயே தொலைநோக்கியின் அடிப்பலகையைத் திருகியிருப்பார்கள். எண் கண்ணில் படாமலே இரண்டு தலைமுறை சுட்டிருக்கவும் கூடும். ஆகவே தராசும் மருந்தும் வாங்கக் கிளம்புமுன், ஒரு திருப்புளியை எடுத்து அந்த இரண்டு திருகாணிகளைக் கழற்ற வேண்டும். கீழே தெரிகிற எண்ணைப் படித்த பிறகு கடைக்குப் போகலாமா, வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.